அம்மாவின் அஸ்தியில் ஒரு பிடியை வைத்துக்கொள்ளக் கையால் வனைந்த பீங்கான் கலன்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதிவு 1 – மூத்தமகள்

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசிக் கடைசியில் எங்கள் அம்மா காலமானார். பெசன்ட் நகர் மயானத்தில் தகனம் முடிந்தது. மறுநாள் காலை பால் தெளித்து, அஸ்தியை மண் கலயத்தில் எடுத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்தோம். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், திருவான்மியூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்ப மரத்தின் தாழ்ந்த கிளையில் அதைக் கட்டித் தொங்கவிட்டோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு போர்டிகோவுக்குக் கீழே மாற்றியிருக்கிறோம். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. தை அமாவாசையன்று ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் கரைப்பது என்று அப்பா முடிவு செய்திருக்கிறார்.

அதிலிருந்து ஒரு பிடியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியும் தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்கிறான். இணையத்தில் தேடிப் பார்த்தேன். கிடைப்பவை பெரும்பாலும் பித்தளைச் செம்புகள், இதய வடிவங்கள், சிறகு முளைத்த தேவதைகள். எதைப் பார்த்தாலும் அதற்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் மூன்று எங்கள் சமையலறைப் பரணில் இன்னும் இருக்கின்றன. மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெளிர் மஞ்சளுமாக, நம் எல்லார் வீட்டிலும் இருந்த அதே ஜாடிகள்தான். ஒன்றின் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் விரல் படாமல் மூடியைத் திருப்பி வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தது. அந்த நிறத்தில், கையால் வனைந்த ஒரு சிறு பீங்கான் கலன் வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்த அளவு, எந்த மண், எப்படிப்பட்ட மூடி, வனைபவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்பது எதுவும் எனக்குத் தெரியாது. செய்துகொண்டவர்களும் செய்பவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 – களிமண்கை

அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிய பட்டறை வைத்துப் பீங்கான் வேலை செய்கிறேன், இதுபோன்ற கலன்கள் சிலவற்றை வனைந்து கொடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். வருபவர்கள் எல்லாரும் கலனின் நிறத்தையும் வடிவத்தையும்தான் முதலில் பேசுகிறார்கள், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அஸ்தியை. அது ஈரமா உலர்ந்ததா, அதில் எலும்புத் துண்டுகள் எவ்வளவு, எந்த அளவை எடுத்துவைக்கப் போகிறீர்கள், பிறகு எப்போதாவது திறக்க வேண்டியிருக்குமா என்பவை தெரிந்துவிட்டால் கலனின் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

பால் தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இதை மிகவும் கவனியுங்கள். நன்றாக வெந்த எலும்புச் சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான், உலர்ந்திருந்தால் அது எத்தனை ஆண்டானாலும் கெடாது, வாடையும் வராது. ஆனால் பாலோ இளநீரோ சேர்ந்த சாம்பலை அப்படியே மூடி முத்திரையிட்டால் பூஞ்சை பிடிக்கும், கட்டியாகும். எனவே எடுத்துவைக்கும் பங்கை மட்டுமாவது, வெயில் வரும் நாளில் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் மெல்லிதாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவையுங்கள். பிறகு ஜிப் பையில் போட்டுவிட்டால் கலன் தயாராகும் வரை கவலையில்லை.

அடுத்தது மண். நம் ஊர்ப் பானையும் கலயமும் சுடுமண், ஏறக்குறைய 900 முதல் 1000 டிகிரி வரை சுடப்பட்டவை, அவற்றின் உடலெங்கும் நுண்துளைகள் உண்டு. பானைத் தண்ணீர் குளிர்வதே அந்தத் துளைகளின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான். உள்ளிருந்து வெளியே வரும் ஈரம், சென்னையின் கார்த்திகை மாதக் காற்றில் வெளியிலிருந்து உள்ளேயும் போகும். சாம்பலில் உப்புகள் இருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய கலனுக்கு ஸ்டோன்வேர் என்ற வகை மண்ணையே நான் பரிந்துரைப்பேன். 1200 டிகிரிக்கு மேல் சுடும்போது அந்த மண் உள்ளுக்குள் உருகி இறுகி, கல் போல ஆகிவிடும். உங்கள் அம்மாவின் ஊறுகாய் ஜாடியும் அந்த இனம்தான். எலுமிச்சையின் புளிப்பையும் கல்லுப்பையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டு அந்த ஜாடி வியர்க்காமல் இருந்ததற்குக் காரணம் அதுவே. நீங்கள் நிறத்துக்காக நினைத்த ஜாடி, வேலைக்கும் சரியான ஜாடிதான்.

ராக்கு என்று ஒரு வகை இருக்கிறது. செம்பு மின்னும் மெருகும் (சூளையில் உருகிக் கண்ணாடி போல் படியும் பூச்சு), அதில் மயிரிழை போன்ற கரிய வெடிப்புக் கோடுகளுமாகப் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அது குறைந்த சூட்டில் சுட்டு, தணலாக இருக்கும்போதே சூளையிலிருந்து எடுக்கப்படுவது, அதனால் ஈரம் புகும். அதைத்தான் விரும்புகிறவர்கள் அஸ்தியைப் பைக்குள் வைத்தே உள்ளே வைக்க வேண்டும்.

உங்கள் கலயத்தைத் திறந்து பார்த்த பிறகு அளவைப் பற்றிப் பேசலாம்.

பதிவு 3 – மழைக்காலம்

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேராமல் இருக்கட்டும்.

என் கணவர் தவறியபோது ஓர் இணையக் கடையில் கைவினைப் பீங்கான் என்று விற்ற கலனை வாங்கினேன். வெள்ளையில் நீலப் பூக்கள் போட்ட, கழுத்து நீண்ட குடுவை அது. வந்து சேர்ந்ததும் பூஜையறைக்கு வெளியே ஒரு மணையில் வைத்து, அஸ்தியை எடுத்து நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வாயின் அகலம் என் சுண்டுவிரல் நுழையும் அளவுகூட இல்லை. தூளாக இருந்த சாம்பல் மட்டும் காகிதக் கூம்பு வழியாக இறங்கியது. எலும்புத் துண்டுகள் எதுவும் போகவில்லை. அவற்றை இடித்துப் பொடியாக்கிப் போடலாம் என்று உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை, யாருக்கும் வராது. அன்று மாலை முழுவதும் அந்தத் துண்டுகளைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளிநாடுகளில் தகனத்துக்குப் பிறகு எலும்புகளை இயந்திரத்தில் அரைத்து ஒரே சீரான தூளாகத்தான் கொடுப்பார்கள் என்பதும், அதை மனத்தில் வைத்தே இத்தகைய குடுவைகள் செய்யப்படுகின்றன என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நம் மயானங்களில் எலும்பு எலும்பாகத்தான் வரும். ஆகவே உங்கள் கலனுக்கு வாய் அகலமாக இருக்கட்டும், மூன்று விரல் சேர்ந்து உள்ளே போய்வர வேண்டும். இதை வாய்ச்சொல்லாக விடாமல் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுங்கள்.

பதிவு 4 – கிழக்குமாடவீதி

அம்மா, உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். எழுபது வயதைக் கடந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன், மனம் கோணாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் வழக்கத்தில் அஸ்தியை நீரில் சேர்ப்பதுதான் முறை. காசிக்கோ ராமேசுவரத்துக்கோ போகும் நாள் வரும்வரை பத்திரமாக வைத்திருப்பார்களே தவிர, ஒரு பங்கை வீட்டிலேயே நிலையாக வைத்துக்கொள்வது நான் அறிந்த வழக்கத்தில் இல்லை. போனவரை முழுமையாக அனுப்பிவைப்பது பிள்ளைகளின் கடமை என்று நம்புகிறவர்கள் உங்கள் குடும்பத்திலேயே இருக்கக்கூடும். அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துவைத்து, பிறகு எப்போதாவது தெரியவந்தால், வீட்டில் ஒரு கல்யாணம் தள்ளிப்போனாலும் ஒரு காய்ச்சல் வந்தாலும் அந்தக் கலனின் மேல் பழி விழும். அம்மாவின் பெயரில் அப்படி ஒரு பேச்சு வர விடக் கூடாது. உங்கள் தகப்பனாரிடமும், காரியம் செய்துவைத்தவரிடமும் மனம்விட்டுப் பேசிவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் சம்மதித்தால், நான் மறுப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

பதிவு 5 – மூத்தமகள்

மூவருக்கும் என் நன்றி.

ஐயா சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. உண்மையில் அப்பாவிடம் இதுவரை நேராகப் பேசவில்லை. மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில் தம்பியும் நானும் எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் பேசிவிடுவேன்.

நேற்று மழை விட்டு வெயில் அடித்ததால், சித்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கலயத்தைத் திறந்தேன். களிமண்கை அவர்கள் எச்சரித்தது சரியாகத்தான் இருந்தது. மேல்பகுதி உலர்ந்து வெளுத்திருந்தாலும் அடியில் சாம்பல் ஈரமாகப் பிசுபிசுத்து, புளித்த பாலின் மெல்லிய வாடை வந்தது. இரண்டு பிடி அளவைத் தாம்பாளத்தில் பரப்பினேன். சாம்பல் கருநிறமாக இருக்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது சுண்ணாம்பு போன்ற வெண்மை, அங்கங்கே ஒரு நீலச் சாயல். நடுவிரலின் முதல் கணு அளவில் இரண்டு மூன்று எலும்புகள் இருந்தன. விரலால் தொட்டபோது பவளப்பாறைத் துண்டைப் போல எடையே இல்லாமல், நுண்ணிய துளைகளுடன் இருந்தன. பயப்படுவேன் என்று நினைத்தேன், பயமே வரவில்லை.

துணி கட்டி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். பகலில் வெயில் இருக்கும் நேரமெல்லாம் சித்தி அருகிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பதிவு 6 – கீழ்ப்பாக்கத்திலிருந்து

வேறு சமயத்தைச் சேர்ந்தவள் என்றாலும், குடும்பத்தையும் குருவையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்ற ஐயாவின் கருத்தோடு முழுவதும் உடன்படுகிறேன். எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை 1963ஆம் ஆண்டிலேயே தகனத்தை அனுமதித்துவிட்டாலும், சாம்பலைப் பங்கிடுவதும் வீட்டில் வைத்திருப்பதும் கூடாது என்று 2016ஆம் ஆண்டில் தெளிவாகச் சொன்னது. 2023 டிசம்பரில்தான், இறந்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் ஒரு மிகச் சிறு பகுதியை வைத்துக்கொள்ள உறவினர் கேட்டால், சில நிபந்தனைகளுடன் திருச்சபை அதிகாரிகள் அதைப் பரிசீலிக்கலாம் என்று வத்திக்கான் விளக்கம் கொடுத்தது. என் அக்கா வீட்டில் பங்குத்தந்தையிடம் பேசிய பிறகே அளவை முடிவு செய்தார்கள். அவர்களுடைய கலன் ஒரு குங்குமச் சிமிழைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். பெரிய கலனாக வாங்கிவிட்டு அதை நிரப்ப வேண்டுமே என்று எண்ணாதீர்கள்.

பதிவு 7 – மூத்தமகள்

அப்பாவிடம் பேசிவிட்டேன். நடந்ததை எழுதினால்தான் நான் இப்போது கேட்கப்போவது புரியும்.

காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடியை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு எவ்வளவு பெரிய கலன் என்று கேட்டார். ஓர் ஆழாக்கு அளவு என்றேன். அதற்கு அவர், "உழக்காகச் சொல். என் காலத்துக்குப் பிறகு என்னுடையதிலும் ஒரு பிடியை அதில் போட்டு, கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் சேர்த்தே நம் கடற்கரையில் கரைத்துவிடுங்கள். ராமேசுவரத்துக்கு அவள் முன்னே போகட்டும், மிச்சத்தோடு நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. கடைக்குப் போகிறவளிடம் அளவு சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

ஆகவே இப்போது என் தேவை மாறிவிட்டது. கலன் உழக்கு கொள்ள வேண்டும், மீண்டும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். களிமண்கை அவர்களே, இதற்கு என்ன செய்யலாம்?

பதிவு 8 – ஓய்வுபெற்றதமிழாசிரியர்

உங்கள் தகப்பனார் கேட்டது, ஈராயிரம் ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கும் ஒரு வேண்டுகோள். புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒருத்தி, ஊர்க் குயவனிடம் ஈமத்தாழி வனையச் சொல்கிறாள். வண்டியின் ஆரக்காலைப் பற்றிக்கொண்டு அதனோடே எங்கும் வரும் சிறு பல்லியைப் போல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனைவாயாக என்பது அவள் கோரிக்கை. அங்கே கேட்டவள் மனைவி, உங்கள் வீட்டில் கேட்டவர் கணவர். வகுப்பில் இந்தப் பாடலைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அது குயவனுக்குச் சொன்ன ஓர் அளவுக் குறிப்பும்கூட என்பது உங்கள் பதிவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கலனின் வடிவத்துக்கு யோசனை தேவைப்பட்டால், ஓர் ஓய்வு நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களையும், நம் பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழையையும் பார்த்துவிட்டு வாருங்கள். இறந்தவருக்காக மண்ணைப் பிசைந்து கலன் செய்வது நமக்குப் புதிதன்று என்ற தெளிவு உங்கள் சித்திக்கும் உறவினர்க்கும் ஆறுதலாக இருக்கலாம்.

பதிவு 9 – களிமண்கை

உழக்கு என்று கேட்டது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. ஆழாக்கு சுமார் 168 மில்லி, உழக்கு அதன் இரட்டிப்பு, அதாவது 336 மில்லி. ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன், பெரியவர் ஒருவரின் அஸ்தி முழுவதும் பொதுவாக 2 முதல் 3 கிலோ வரை இருக்கும், அதை முழுமையாகக் கொள்ள மேலைநாட்டுக் கலன்கள் 3 லிட்டருக்கும் சற்று அதிகமாகச் செய்யப்படுகின்றன. நினைவாக ஒரு பங்கை மட்டும் வைக்கும் சிறு கலன்கள் பெரும்பாலும் 50 முதல் 400 மில்லிக்குள் அடங்கிவிடும். எனவே உங்கள் உழக்கு இந்த வகையில் பெரிய கலன்தான். நெருக்கிப் போடாமல் இருக்க 400 மில்லியாக வனைந்துகொள்ளலாம். உட்புற விட்டம் 7.5 சென்டிமீட்டர், உட்புற உயரம் 9 சென்டிமீட்டர், வாய் 6 சென்டிமீட்டர் என்று வைத்தால் மழைக்காலம் அவர்கள் சொன்ன மூன்று விரலும் உள்ளே போகும்.

இந்த அளவுகள் சுட்ட பிறகு இருக்க வேண்டியவை என்பதை யாரிடம் கொடுத்தாலும் அழுத்திச் சொல்லுங்கள். நான் பயன்படுத்தும் மண் ஈரநிலையிலிருந்து சூளையை விட்டு வெளிவருவதற்குள் நீளத்தில் சுமார் 12 விழுக்காடு சுருங்குகிறது. நீளத்தில் 12 என்றால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பச்சை மண்ணாக இருக்கும்போது பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து போனவர்கள், பிறகு இவ்வளவு சிறியதாகிவிட்டதே என்று வருந்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

திறக்கும் மூடி என்பதால் நிலையாக ஒட்டும் பசைகள் எதுவும் வேண்டாம். மூடிக்கு அடியில் ஒரு கழுத்துப் பட்டை உள்ளே இறங்கும்படி வனைந்து, மூடி உட்காரும் விளிம்பில் தேன்மெழுகை உருக்கி ஓடவிட்டால் போதும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆகையால் சித்திரை வெயிலிலும் அறைக்குள் அது இளகி ஓடாது. திறக்க வேண்டிய நாளில் சுடுநீரில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்திருந்தால் விட்டுவிடும். உங்கள் வீடு கடலுக்குப் பக்கம் என்பதால் இரும்புக் கொக்கி, பித்தளை வளையம் போன்ற அலங்காரங்களைத் தவிர்க்கச் சொல்வேன். உப்புக்காற்று அவற்றை நிறம் மாற்றிவிடும், துரு ஒழுகினால் மெருகில் கறை படியும்.

உள்ளேயும் மெருகு பூசப்பட்டிருக்க வேண்டும். தயாரான கலனை வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளின் மேல் ஓர் இரவு முழுவதும் வைத்திருக்க வேண்டும். காலையில் தாள் காய்ந்தே இருந்தால் நல்ல கலன். அடியில் ஈர வட்டம் இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இதற்கு உதவாது. சோதனைக்குப் பிறகு ஒரு வாரம் திறந்துவைத்து முழுவதும் உலர்த்திய பிறகே அஸ்தியை வையுங்கள்.

பெயர் பொறிக்க விரும்பினால் இப்போதே சொல்ல வேண்டும். மண் பாதி உலர்ந்து தோல் போல் இறுகியிருக்கும் ஒன்றிரண்டு நாளில்தான் எழுத்தைக் கீற முடியும்.

பதிவு 10 – வளைகுடாவாசி

தம்பிக்குக் கொடுக்கும் பங்கைப் பற்றி ஒன்று. பன்னாட்டுப் பயணங்களில் சாம்பலைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்பு ஊழியர்கள் இறந்தவரின் மரியாதை கருதி அத்தகைய கலனைத் திறந்து பார்க்க மாட்டார்கள், பயணியே கேட்டாலும் திறக்க மாட்டார்கள். ஆகவே எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாவிட்டால் அனுமதி கிடைக்காது. இதனால்தான் மரம் அல்லது பிளாஸ்டிக் போன்ற லேசான கலனில் கொண்டுவரும்படி அவர்களே அறிவுறுத்துகிறார்கள். தடித்த பீங்கானை நம்பிப் போவதைவிட, அஸ்தியைப் பிளாஸ்டிக் டப்பாவிலும் பீங்கான் கலனைக் காலியாகத் துணியில் சுற்றியும் தனித்தனியே கொண்டுபோய், வீட்டுக்குச் சென்ற பிறகு மாற்றிக்கொள்ளட்டும். இறப்புச் சான்றிதழையும் மயானத்தில் கொடுத்த சான்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு விதிகள் தனியாக இருக்கும், பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பதிவு 11 – மூத்தமகள்

ஒரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

களிமண்கை அவர்களின் பட்டறையிலேயே செய்யக் கொடுத்தேன். இரண்டு கலன்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்குமாக 400 மில்லியில் ஒன்று, தம்பிக்கு 60 மில்லியில் ஒன்று. மழைக்காலம் என்பதால் பச்சைக் கலன்கள் உலரவே பதினெட்டு நாள் ஆயின. சூளையில் ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது என்று பெரிய கலனில் இரண்டாக அவர் வனைந்து வைத்தது நல்லதாயிற்று. முதல் சூட்டிலேயே ஒன்றின் அடியில் மயிரிழை போல் விரிசல் விழுந்துவிட்டது. விரிசல் விட்டதைக் கையில் எடுத்து விரல்நுனியால் தட்டிக் காட்டினார். அது கட்டையைத் தட்டியதுபோல் மொத்தென்றது, நல்லது கணீரென்றது. இனி எங்கே பீங்கான் வாங்கினாலும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

பெயர் பொறிப்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. முன்பக்கத்தில் அம்மாவின் பெயரும் பிறப்பு இறப்பு நாள்களும் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அப்பா வேண்டாம் என்றார். பெயரை எழுதி வைத்துவிட்டால் வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல என்னால் முடியாது என்றார். பிறகு அடிப்பகுதியில், மெருகு பூசாத வட்டத்தில், இருவரின் முதலெழுத்துகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் கீறச் சொன்னோம். கலனைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கலன் வீட்டுக்கு வந்த அன்று அப்பா அம்மாவின் பித்தளை ஆழாக்கை எடுத்துவந்து, தலை தட்டி இரண்டு முறை அரிசி அளந்து உள்ளே போட்டார். உழக்கரிசியும் கொண்டு, மேலே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. அரிசியைக் கொட்டிவிட்டு, வாய்க்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்தார். சரி என்றார்.

பதிவு 12 – கிழக்குமாடவீதி

படித்து நிறைவடைந்தேன், அம்மா. இரண்டும் கடைசியில் கடலைத்தான் சேரப்போகின்றன என்றால், இந்தக் கிழவனுக்கு ஒரு குறையும் இல்லை. கலனைத் தரையில் வைக்காமல், கால் படாத, குழந்தைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். பூஜையறையில் வேண்டாம், வேறொரு நல்ல இடமாகப் பாருங்கள்.

பதிவு 13 – மழைக்காலம்

தயவுசெய்து ஒன்றைத் தெரிவியுங்கள். என்னிடம் துணியில் முடிந்து வைத்த எலும்புகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்தக் குடுவையில் இருக்கும் சாம்பலையும் சேர்த்து, உங்களுடையதைப் போன்ற ஒரு கலனுக்கு மாற்றலாம் என்று நினைக்கிறேன். பழைய குடுவையை உடைக்காமல் சாம்பலை வெளியே எடுக்க முடியுமா? மெருகின் நிறம் நீங்கள் கேட்டபடியே வந்ததா?

பதிவு 14 – மூத்தமகள்

தை அமாவாசைக்கு ராமேசுவரம் போய்வந்தோம். அக்னி தீர்த்தத்தில் அப்பா கலயத்தைக் கவிழ்த்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பிய மறுநாள், உலர்த்தி வைத்திருந்த பங்கைக் கலனில் வைத்தோம். எலும்புகளை முதலில் அப்பாவும், சாம்பலைப் பிறகு நானும் தம்பியும் போட்டோம். பாதி நிறைந்தது. மேல்பாதி காலியாகத்தான் இருக்கிறது, அப்பா அதைப் பார்த்துவிட்டு மூடியை வைத்தார். ஈரத்துக்காக ஒரு சிறு சிலிகா ஜெல் பொட்டலத்தையும் உள்ளே வைத்திருக்கிறோம். தேன்மெழுகை நான் உருக்கி ஊற்றினேன். அது ஆறியதும் அப்பா தன் பழைய வேட்டியில் ஒரு சதுரத்தைக் கிழித்து, ஊறுகாய் ஜாடிக்கு அம்மா கட்டுவதைப் போல மூடியின் மேல் போட்டு நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. இப்போது அது கூடத்து அலமாரியின் மேல்தட்டில், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மழைக்காலம் அவர்களே, நிறம் அப்படியே வரவில்லை. பழுப்பு சரியாக வந்தது. கீழ்ப்பாதி வெளிர் மஞ்சளுக்குப் பதில் சற்றே சாம்பல் கலந்த வெண்மையாக அமைந்துவிட்டது. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் மெருகு ஒரு பக்கம் வழிந்து ஒரு துளியாக உறைந்திருக்கிறது. முதலில் எனக்கு அது குறையாகப் பட்டது. இப்போது துடைக்கும்போதெல்லாம் கட்டைவிரல் அந்தத் துளியில்தான் போய் நிற்கிறது.

குடுவையைப் பற்றிக் களிமண்கை அவர்களிடம் உங்களுக்காகக் கேட்டேன். உடைக்க வேண்டியதில்லையாம். சாம்பல் உலர்ந்திருந்தால் பெரிய வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் கவிழ்த்துப் பிடித்து, கழுத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால் இறங்கிவிடும் என்றார். கட்டியாகியிருந்தால் குடுவையைச் சில நாள் வெயிலில் வாய் திறந்து வைத்த பிறகு செய்ய வேண்டும், குச்சியை விட்டுக் குத்தக் கூடாது. உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தியும் வருகிறோம். தாம்பாளத்தையும் துணியையும் நாங்களே கொண்டுவருகிறோம்.